ரீச்சர் பதில்கள்: கறுவாத்தோட்டத்தில் யாரோடு மாமி கதைப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு கொழும்பு 7, அதாவது கறுவாத்தோட்டம் பற்றியவை. ரொஸ்மீட் பிளேசுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், பெரிய வீடொன்றோடு ஒட்டிய இரண்டு அறை அனெக்ஸில், முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறவள் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மற்றக் கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ரீச்சர், இருபது வருடம் வெள்ளவத்தையில் இருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் கறுவாத்தோட்டத்தில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடிக்கு வந்தோம். எனக்கும் பிள்ளைகளுக்கும் நல்லாய்ப் பிடித்திருக்கிறது. மாமிக்குத்தான் (வயது 74) மனம் ஒட்டவில்லை. "கோயில் மணி கேக்காது, ஒரு தமிழ்ச் சத்தம் கேக்காது, இது என்ன இடம்?" என்கிறா. பொரளை கனத்தையடியால் வாகனம் போனால் கண்ணை மூடிக்கொள்கிறா. திரும்ப வெள்ளவத்தைக்கே போவோமா என்று இவர் யோசிக்கிறார்.
— வாசகி, கொழும்பு 7

பதில்: தங்கச்சி, முதலில் கனத்தையைப் பற்றிச் சொல்கிறேன். 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கியது அந்த மயானத்தடியில்தான். மறுநாள் வெள்ளவத்தையில் எங்கள் வீடும் போனது. எனக்கு அப்போது 22 வயது. கப்பலில் காங்கேசன்துறையில் போய் இறங்கியபோது அம்மாவின் இடுப்பில் அலுமாரித் திறப்பு இருந்தது. அலுமாரி இல்லை. பத்து வருடம் கழித்து, வேலைக்காக நான் இந்த அனெக்ஸை எடுத்து அம்மாவைக் கூட்டி வந்தேன். அவ இருந்த காலம் முழுக்க ஓட்டோக்காரரிடம் "வேறை பாதையால போங்கோ தம்பி" என்றுதான் சொல்லுவேன். மீற்றரில் கொஞ்சம் கூட ஓடும், ஓடட்டும். மாமிக்கு இப்போது காலம் மாறிவிட்டது என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அவவாகக் கதைக்கத் தொடங்கினால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்து கேளுங்கள்.

தமிழ்ச் சத்தம் கேட்கவில்லை என்கிறாவே, ஆறாம் மாடியில் கேட்காதுதான். கீழே கேற்றடிக்கு இறங்கி வரச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் தமிழ் வீட்டுக்குள்ளே இருப்பதை விட வீட்டு வாசலில்தான் அதிகம். எங்கள் ஒழுங்கையில் ஆறு கேற். நாலு கேற்றில் நிற்கிற காவல்காரர்கள் மலையகத் தமிழர். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களிலும் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்தார் இருக்கிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு எசமான்மார் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த நேரம் ஒழுங்கையில் கேட்கிற மொழி தமிழ்தான்.

மூலை வீட்டுக் காவல்காரர் பதுளைப் பக்கத்து ஆள். காவல் கூட்டுக்குப் பக்கத்தில் பால்மா ரின் ஒன்றில் துளசி வைத்திருப்பார். ரின்னின் அடியில் ஆணியால் மூன்று துளை. காலையில் முகம் கழுவிய கையோடு அதற்குத் தண்ணீர் விட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். அம்மா இங்கே வந்து முதல் ஆறு மாதம் யாரோடும் கதைக்கவில்லை. ஒரு நாள் அந்த ரின்னைக் கண்டுவிட்டு நின்றா. "கதிர் வந்திட்டுது, நுனியைக் கிள்ளி விடுங்கோ தம்பி, அப்பதான் சடைச்சு வளரும்." அவ்வளவுதான் தொடக்கம். பிறகு ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அம்மாவுக்கு அங்கே ஒரு கதிரை போட்டிருக்கும். இவ "பேந்து" என்பா, அவர் "பொறகு" என்பார். இவ சொல்வது அவருக்கும் அவர் சொல்வது இவவுக்கும் பாதிதான் விளங்கும், ஆனால் கதை நிற்காது. அம்மா போன அன்று அவர் இரவு வேலையை இன்னொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு எங்கள் வாசலில் விடிய விடிய இருந்தார்.

கேற்றைத் திறந்துவிடுகிறவரின் பெயர் தெரியாமல் ஐந்து வருடம் அந்தக் கேற்றால் போய்வருகிறவர்கள் இங்கே உண்டு. எனக்கு அது பொறுக்காது. உங்கள் தொடர்மாடியில் நிற்கிறவர்களின் பெயரை இன்றைக்கே கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், மாமியை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

கோயிலுக்கு மருதானைப் பக்கத்தில் கப்டன் கார்டின் கைலாசநாதர் இருக்கிறார், கொம்பனித்தெருவில் சிவசுப்பிரமணியர் இருக்கிறார். ஓட்டோவில் போய் வரலாம். வெள்ளவத்தையை நினைத்து ஏங்கினால் பொரளையில் 154 பஸ்ஸில் ஏற்றி விடுங்கள், பம்பலப்பிட்டியால் வெள்ளவத்தைக்குப் போகும். வாரத்தில் ஒரு நாள் பழைய கடையில் கீரை வாங்கிக்கொண்டு, பழைய அயலாரோடு கதைத்துவிட்டு வரட்டும். இடம் மாறினால் பழைய சிநேகிதம் விட வேண்டும் என்று யார் சொன்னது? பின்னேரம் பாண், பனிஸ் விற்கிற சூன் பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். காசை மாமியின் கையில் கொடுத்து அனுப்புங்கள். பனிஸ் வாங்குகிற இடத்தில் நாலு பேரைக் காண்பா.

விகாரமகாதேவி பூங்காவுக்கு காலை ஆறு மணிக்கே கூட்டிப் போங்கள். ஏழு மணியானால் பள்ளிக்கூட வாகனங்கள் வீதியை அடைத்துவிடும், முதியவர்கள் வீதி கடக்க முடியாது. ஒரு பின்னேரமும் போக வேண்டும். பொழுது படுகிற நேரம் மரங்களில் தலைகீழாய்த் தொங்குகிற பெரிய வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, நகர மண்டபத்தின் வெள்ளைக் கூரைக்கு மேலால் போகத் தொடங்கும். முதலில் பத்து, பிறகு எண்ண முடியாது. அம்மா வாயைத் திறந்தபடி பார்ப்பா.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே நூதனசாலை. பொலன்னறுவையில் நிலத்துக்கு அடியில் கிடைத்த சோழர் காலச் சைவ வெண்கலங்களை அங்கே காட்டுங்கள். அம்மாவை முதல் முறை கூட்டிப் போனபோது காரைக்கால் அம்மையாருக்கு முன்னால் செருப்பைக் கழற்றினா. காவலாளி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தன் காலால் ஓரமாய்த் தள்ளி வைத்துவிட்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினம்" என்றா. மாமிக்கு ஆறு மாதம் கொடுங்கள் தங்கச்சி. அதுவரை லொறி பிடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. கொழும்பு 7இல் பேர்போன பாடசாலை ஒன்றில் முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்காக இப்போதே அங்கே வாடகைக்குப் போனால் சரிவருமா?
— ஒரு தகப்பன், வத்தளை

பதில்: சரிவராது தம்பி. முதலாம் வகுப்பில் அரைவாசி இடம் அருகில் வசிப்பவர்களுக்கு என்பது உண்மை. ஆனால் முழுப் புள்ளிக்கு ஐந்து வருடம் தொடர்ச்சியாக அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு வருடம். வாடகை வீட்டுக்குச் சொந்த வீட்டளவு புள்ளியும் இல்லை. உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி கழிப்பார்கள். இங்கே தடுக்கி விழுந்தால் பாடசாலை. அந்த வாடகைக் காசைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போடுங்கள்.

கேள்வி: பார்ன்ஸ் பிளேஸ் பக்கம் அனெக்ஸ் ஒன்று பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்க முன் எதைக் கவனிக்க வேண்டும்?
— புதுமணத் தம்பதி, தெகிவளை

பதில்: மின்மானியை. நான் முதலில் இருந்த அனெக்ஸில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே மீற்றர். "பில்லைப் பாதி பாதி போடுவம்" என்றார்கள், நானும் தலையாட்டினேன். என்னிடம் இருந்தது ஒரு காற்றாடியும் இரண்டு பல்பும். அவர்களிடம் மூன்று ஏசி. வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட அலகின் விலையும் ஏறுகிற முறையில் இருப்பதால், இரண்டு வீட்டுப் பாவனையும் ஒரே மீற்றரில் சேர்ந்தால் என் பல்புக்கும் மேல் படி விலைதான் விழும். எட்டு மாதம் கட்டினேன். கேட்டதற்கு முகம் சுழித்தார்கள். தனி மீற்றர் இல்லையென்றால், குறைந்தது ஓர் உப மீற்றர் பூட்டித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இன்னொன்று, நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். ஒழுங்கையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, கூரைக்கு மேல் எந்த மரத்தின் கொப்பு ஆடுகிறது என்று தெரியும். 2023 ஒக்ரோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து உயிர் போனது. இந்தப் பகுதியின் அழகே பெரிய மரங்கள்தான். அதற்காக உளுத்த கொப்பின் கீழே கட்டிலைப் போட முடியாது. தறித்துத் தருவது யார் பொறுப்பு என்று முதலே கேளுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். சுற்றிவர மாளிகைகளும் தூதரகங்களும். ஒரு கோப்பிக் கடைக்குள் போனால் என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். யாரோ ஒருவருடைய முற்றத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது.
— மாணவன், கொழும்பு 7

பதில்: தம்பி, நீர் நிற்கிற முற்றத்தின் கதையை முதலில் கேளும். ஒல்லாந்தர் காலத்தில் இது கறுவா பயிரிட்ட நிலம். அதற்கு முன் காட்டில் பட்டை உரித்து, பிறகு இந்தத் தோட்டங்களிலும் உரித்த சாலாகம என்ற சிங்களச் சமூகத்தார், தங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தாங்களே மரபாகச் சொல்வார்கள். மாளிகைகள் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அப்போதும் வார்ட் பிளேசில் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் இருந்தார். அவருடைய தம்பி அருணாசலம் 1906இலிருந்து இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துப் போராடினார். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது அந்தப் போராட்டத்தால். நீர் இன்று விரிவுரை கேட்கிற வளாகம் அதிலிருந்து வந்தது. பொது நூலகத்துக்குப் பக்கத்தால் போகிற கிறீன் பாத் வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்றும் பெயர். அவர் இவர்களுடைய மாமன் முத்துக் குமாரசுவாமியின் மகன். யாருடைய முற்றம் என்று இனிச் சொல்லும்.

காசு வேண்டாத சந்தோசம் இங்கே நிறைய உண்டு. கிறீன் பாத் நடைபாதையில் ஓவியர்கள் வேலியோரம் படங்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். வாங்காவிட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வரைகிறபடியே கதைப்பார்கள். 1993இலிருந்து வருடத் தொடக்கத்தில் அதே வீதி முழுக்கக் கலாபொல ஓவியச் சந்தை நடக்கிறது, நான் தவறவிடுவதில்லை. லயனல் வென்ட் அரங்கின் கண்காட்சிக் கூடத்துக்குள் செருப்போடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பின்னேரம் சுதந்திர சதுக்கத்தின் தூண்களுக்கு நடுவில் காற்று நன்றாக வரும், குறிப்பை எடுத்துப் போய் அங்கே இருந்து படியும். சாப்பாட்டுக்கு, கண்ணாடிக் கதவு போட்ட கடையை விடும். கந்தோர்களும் ஆஸ்பத்திரியும் உள்ள வீதிகளில் பதினொன்றரைக்கு வானின் பின்கதவைத் திறந்து சோற்றுப் பார்சல் விற்பார்கள். சாரதிமார் எந்த வானடியில் கூடுகிறார்கள் என்று பார்த்து அங்கே வாங்கும்.

நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு என்று திகதியிட்டது, சீனத் தளபதி செங் ஹ கொண்டு வந்தது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் இசுலாத்துக்கு, தமிழில் தெவிநுவர விஷ்ணுவான தெனவரை நாயினாருக்கு என்று பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் காணிக்கை எழுதியிருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. தண்ணீர் ஓடியும் எழுத்து முழுக்க அழியவில்லை. "தெனவரை நாயினார்" என்ற எழுத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது, உமக்குக் கண் நல்லது, கெதியாய்ப் பிடித்துவிடுவீர். மாணவர் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போம். 138 பஸ்ஸில் வந்தால் பொது நூலகத் தரிப்பில் இறங்கி நடக்கலாம்.