அரசாணையில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்றுதான் இருக்கிறது. அப்படியானால் முதலமைச்சரின் வேலை என்ன?

அரசாணைகள் எல்லாம் ஆளுநர் பெயரில் வரும்போது மாநிலத்தில் முதலமைச்சரின் பங்கு என்ன, அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தலைமைச் செயலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துப் பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிற சொந்த ஊருக்கே திரும்பிவிட்டேன். இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் எங்கள் அப்பாரு (தாத்தா).

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியை நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்திய அரசாணையின் நகல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். ஊரே நாலைந்து வருடம் மனுவும் கையுமாக அலைந்து வாங்கியது அது. அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். மேலே ‘சுருக்கம்’. அதன் கீழே துறையின் பெயர், எண், தேதி. நடுவில் ‘ஆணை’. கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘ஆளுநரின் ஆணைப்படி’, அதற்கும் கீழே செயலாளரின் பெயர். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“ஏனம்மிணி, இதுல முதலமைச்சரு பேரையே காணமே? கவர்னரு குடுத்தாருன்னுதான போட்டிருக்குது? அப்பறம் இத்தன நாளும் நாம ஆருகிட்டப் போயி நின்னோம்?”

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேலை பழகப் பழகத்தான் விளங்கியது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 154-ஆவது பிரிவு மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் வைக்கிறது. அரசு செய்கிற எல்லாம் அவர் பெயரில் வர வேண்டும் என்கிறது 166. ஆனால் அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்க வேண்டும் என்கிறது 163. இங்கே ‘ஆலோசனை’ என்ற சொல்லைப் பார்த்து, கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சில விதிவிலக்குகள் தவிர மற்றதிலெல்லாம் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆக, பள்ளியைத் தரம் உயர்த்த முடிவு செய்தது அமைச்சரவையின் பொறுப்பில் இருந்த ஒரு துறை. அந்த முடிவு வெளியே வருவதற்கான பெயர் ஆளுநருடையது.

ஒரு காலத்தில் பெயரும் அதிகாரமும் உண்மையிலேயே கவர்னரிடம்தான் இருந்தன. அதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரித் துறைகள் மந்திரிகளிடம் இருந்தன. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் எல்லாம் கவர்னரும் அவருடைய நிர்வாக சபை உறுப்பினர்களும் வைத்துக்கொண்டவை. சபையில் சுப்பராயனுக்குச் சொந்தப் பெரும்பான்மைக் கட்சியும் கிடையாது. கவர்னரின் கை பின்னால் இருந்ததால்தான் அந்த மந்திரிசபை நின்றது. ஆட்சிமுறையை ஆராய ஆங்கிலேய அரசு அனுப்பிய சைமன் கமிஷன் விவகாரத்தில் அவருடைய சக மந்திரிகள் இருவரும் ராஜினாமா செய்தபோதும் அவர் பதவியில் நீடிக்க முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஆசைப்படுகிற மந்திரி, அதற்கான பணத்துக்குத் தனக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். எங்கள் அப்பாரு பிறந்து வளர்ந்தது அந்தக் காலத்தில். கவர்னர் என்ற சொல்லில் அவர் விரல் நின்றதற்குக் காரணம் அதுதான் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்குக் கதை வேறு. 164-ஆவது பிரிவின்படி அமைச்சரவை மொத்தமாகச் சட்டமன்றத்துக்குப் பொறுப்பு. முதலமைச்சரை நியமிப்பது ஆளுநர் என்று எழுதியிருந்தாலும், சபையில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவரைத்தான் கூப்பிட முடியும். 234 பேரில் 118 பேர் பக்கத்தில் நின்றால் பெரும்பான்மை. நாம் யாரும் முதலமைச்சருக்கு நேராக ஓட்டுப் போடுவதில்லை. நான் அவிநாசித் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறேன். அவரும் மற்றவர்களும் சேர்ந்து ஒருவரைத் தாங்குகிறார்கள். இதை மறந்துவிட்டுத்தான் எல்லா மனுவையும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கே அனுப்புகிறோம். 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டுக்குக் காட்டுவதற்காகவே 1,033 வேட்பாளர்கள் நிற்கும்படி செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் கோபத்தைக் காட்டுவதற்குத் தொகுதியைத் தேர்ந்தெடுத்தார்களே, அது சரியான இடம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

சபையின் நம்பிக்கை போனால் முதலமைச்சர் நாற்காலியில் ஒன்றுமே இல்லை. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு 1988 ஜனவரியில் ஜானகி அம்மையார் முதலமைச்சரானார். மாதம் முடிவதற்குள் சபையில் அமளி, ஆட்சிக் கலைப்பு, குடியரசுத் தலைவர் ஆட்சி. கர்நாடகத்தின் முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய முடியாது, சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது உறுதியாகிவிட்டது. 2017 பிப்ரவரி 18 அன்று அதை டி.வி.யில் பார்த்தோம். நம்பிக்கை கோரியவர் எடப்பாடிக்காரர், எடப்பாடி பழனிசாமி. சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் எங்கள் அவிநாசித் தொகுதியின் உறுப்பினர் தனபால். எதிர்க்கட்சியினர் பெரும்பாலும் அவையில் இல்லாத நிலையில் ஆதரவாக 122, எதிராக 11. அந்த வாக்கெடுப்பு நடந்த விதம் எனக்கு வருத்தம்தான். ஆளுக்கொரு கட்சி என்று பிரிந்து நிற்காமல் எந்தக் கட்சிக்காரரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எண்ணினால்தான் அந்த எண்ணுக்கு முழு மதிப்பு.

சரி, நம்பிக்கை இருக்கிறது. அப்புறம் முதலமைச்சர் என்ன செய்கிறார்?

முதல் வேலை, ஆள் தேர்வு. யார் அமைச்சர், யாருக்கு எந்தத் துறை என்று சொல்வது அவர்தான். ஆளுநர் அதன்படி நியமிக்கிறார். 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி அமைச்சரவை சட்டமன்ற பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், தமிழ்நாட்டில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்தான். ஆள் தேர்வில் ஒரு முதலமைச்சரின் தரம் தெரியும் என்பதற்கு எனக்குத் தோன்றும் உதாரணம் 1954. காமராஜரை எதிர்த்துக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு நின்றவர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி. சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் தோற்றவரையும் சேர்த்துக்கொண்டு, அவரிடம் நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார் காமராஜர். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பொள்ளாச்சிக்கு வந்ததெல்லாம் அந்த ஆட்சியில்தான். இன்னொன்று, முதலமைச்சரானபோது காமராஜர் எம்.எல்.ஏ.வே கிடையாது, எம்.பி.யாக இருந்தார். உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது விதி. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வந்தார்.

இரண்டாவது வேலை வெளியே தெரியாது. செயலகத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். துறைகளுக்குள் வருகிற இழுபறியைத் தீர்ப்பதுதான் அது. நாமக்கல் கவிஞர் மாளிகையில் (கோட்டைக்குள் இருக்கிற அந்தப் பத்து மாடிக் கட்டடத்துக்கு நம் கொங்குக் கவிஞரின் பெயர்தான்) நான் கையாண்ட ஒரு கோப்பு இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டும். ஓரத்தில் மின்கம்பங்கள். நகர்த்துகிற செலவு உங்களுடையது என்று ஒரு துறை எழுதியது, இல்லை உங்களுடையது என்று இன்னொரு துறை எழுதியது. பதினான்கு மாதம் அந்தக் கோப்பு இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஏறி இறங்கியது. குறிப்புப் பக்கங்கள் நூறைத் தாண்டின. நாடா இற்றுப்போய் நானே இரண்டு முறை மாற்றிக் கட்டினேன். இரண்டு செயலாளர்களும் ஒரே படிநிலை, இரண்டு அமைச்சர்களும் ஒரே படிநிலை. ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போட முடியாது. கடைசியில் தலைமைச் செயலாளர் வழியாக முதலமைச்சரின் சுற்றோட்டத்துக்கு, அதாவது அவர் பார்த்து முடிவு செய்வதற்குப் போனது. நாலாம் நாள் திரும்பி வந்தபோது அதில் ஒரே வரி, இந்தத் துறை ஏற்கட்டும் என்று. அதன் கீழே கையெழுத்து. மறுமாதம் வேலை தொடங்கிவிட்டது. எந்தெந்த விஷயம் அமைச்சரோடு முடியும், எது முதலமைச்சரிடம் போக வேண்டும், எது அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று அரசு அலுவல் விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி மேசை காலியாக இருந்தாலோ, அங்கே முடிவு வராமல் தள்ளிப்போனாலோ, கீழே நூற்றுக்கணக்கான கோப்புகள் நின்றுவிடும்.

மூன்றாவதாக ஆளுநரோடு இருக்கிற பாலம். அமைச்சரவையின் முடிவுகளையும் மசோதா யோசனைகளையும் ஆளுநருக்குத் தெரிவிப்பது 167-இன்படி முதலமைச்சரின் கடமை. ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் வாசிக்கிற உரையும் அமைச்சரவை எழுதித் தருவதுதான்.

அவரால் முடியாததும் நிறைய இருக்கிறது. ஜி.எஸ்.டி. விகிதத்தைத் தனியாக மாற்ற முடியாது, அது கவுன்சிலின் வேலை. பஞ்சு இறக்குமதி வரி ஒன்றிய அரசுடையது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில் 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். திருப்பூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கவே வேண்டாம்.

இந்த மூன்று வேலையும் ஒன்றாகச் சேர்வதை என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். அத்திக்கடவு அவிநாசித் திட்டம். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து கேட்ட பேச்சு. எத்தனையோ முதலமைச்சர்கள் வந்து போனார்கள். 2019-இல் பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கிற உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக இறைத்து 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் நீர்வளத் துறை (முன்பு பொதுப்பணித் துறை) ஏரிகள் 32, ஊராட்சி ஒன்றியக் குளங்கள் 42, மீதி 971 குட்டைகள். ஏரி ஒரு துறைக்கு, குளம் இன்னொரு துறைக்கு, குழாய் போகிற வழியெல்லாம் தனியார் காடுதோட்டம், நடுவில் சாலை, மோட்டாருக்கு மின்சாரம், எல்லாவற்றுக்கும் பணம். தனி அமைச்சர் ஒருவரால் இதை முடிக்க முடியாது. யார் செய்தது என்று எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. ஒருவர் தொடங்கியதை அடுத்து வந்தவர் விடாமல் முடித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாற்காலியில் ஆள் மாறினாலும் கோப்பு அறுந்துபோகாமல் இருப்பதற்கு அந்த ‘ஆளுநரின் ஆணைப்படி’யும் ஓர் அடையாளம் என்று நினைக்கிறேன். ஆணை எந்த முதலமைச்சரின் பெயரிலும் இல்லை, அவர் போனதும் ஆணையும் போய்விடுவதில்லை.

எங்கள் குட்டையில் குழாய் வாயிலிருந்து முதல் தண்ணீர் சிவப்பு மண்ணைக் கரைத்துக்கொண்டு விழுந்தபோது நானும் போய் நின்றேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா, “வருசா வருசம் வருமுங்களா?” என்று கேட்டார். வரும் வராது என்பது ஆற்றில் உபரி இருப்பதையும் மோட்டார் ஓடுவதையும் பொறுத்தது. மோட்டார் ஓடக் கரண்ட் கட்டணம் கட்ட வேண்டும், பராமரிப்புக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஒவ்வொரு வருடமும் நீர்வளத் துறை மானியக் கோரிக்கையாகச் சட்டமன்றத்துக்கு வந்து, எங்கள் எம்.எல்.ஏ. உட்பட எல்லாரும் ஓட்டுப் போட்ட பிறகுதான் கிடைக்கும். பட்ஜெட் கூட்டத்தொடர் வந்தால் நான் முதலில் தேடிப் படிக்கிற பக்கம் இப்போது அதுதான்.