பாட்டு டீச்சர் பதில்கள்: ‘நீ சும்மா வாயை மட்டும் அசை’

கே: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் குழுப்பாட்டில் சேர்த்துவிட்டு, ஒத்திகையில் “நீ சும்மா வாயை மட்டும் அசை, சத்தம் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் பாடுவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே பாட்டு வராதா? (ஒரு தாய்)

ப: எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாட்டு வராது என்று யாராலும் சொல்ல முடியாது அம்மா. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு அப்புறம் பாடாமலே இருந்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை வகுப்பில் விட வரும்போது “எனக்குப் பாட்டே வராது டீச்சர், ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க” என்பார்கள், நாற்பது வயதில், அன்று அந்த வகுப்பில் நின்ற அதே முகத்தோடு. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

சுருதி சேராமல் பாடும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. பிறவியிலேயே சுரத்தின் ஏற்ற இறக்கம் பிடிபடாதவர்கள் உண்டு, ஆனால் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் கேட்பது சரியாகக் கேட்கிறது, தொண்டை இன்னும் அதற்குப் பழகவில்லை, அவ்வளவுதான். பந்து கண்ணுக்குத் தெரிந்தும் கை பிடிக்கத் தவறுகிற மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. பாடிக் காட்டுகிறவர் ஆணாக இருந்தால் அவர் குரல் குழந்தையின் குரலைவிட ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரையுள்ள தூரம்) கீழே இருக்கும். சில பிள்ளைகள் அதைத் தாங்களாகவே மேலே தூக்கிக்கொள்வார்கள், சிலர் அதே கீழ்ச் சுரத்தைத் தேடித் தொண்டையை அழுத்தி உறுமுவார்கள். அந்தப் பிள்ளை ஆசிரியர் பாடியதை அப்படியே பிடிக்கத்தான் பார்க்கிறது, நாம் அதற்கு அபஸ்வரம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒன்று செய்து பாருங்கள். அவளை உங்கள் சுருதிக்கு இழுக்காதீர்கள், நீங்கள் அவள் சுருதிக்குப் போங்கள். அவள் ‘ம்ம்ம்’ என்று ஏதோ ஒரு சுரத்தைப் பிடிக்கட்டும், நீங்கள் அதைக் கண்டுபிடித்து அவளோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு முதலில் தெரிய வேண்டும், பலருக்கு அந்த அனுபவமே கிடைத்திருக்காது. அப்புறம் அங்கிருந்து ஒரே ஒரு சுரம் மேலே போங்கள், அவள் வருகிறாளா பாருங்கள். ‘ஊ’ என்று கீழேயிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிற விளையாட்டும் நல்லது. தினம் ஐந்து நிமிடம் போதும். நடுவில் “தப்பு” என்ற சொல் வரவே வேண்டாம்.

கே: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன், இப்போது குரல் உடைந்து பிசிறடிக்கிறது. ஒரு வருடம் நிறுத்திவிடலாமா? (ஒரு தந்தை)

ப: நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளட்டும். குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, அதனால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இதற்குச் சில மாதங்களும் ஆகலாம், ஒன்றிரண்டு வருடங்களும் ஆகலாம். பழைய சுருதியில் பழைய பாட்டைப் பாடச் சொல்லி வற்புறுத்துவதுதான் தவறு. அவனுக்கு இன்று எந்த நாலைந்து சுரம் சுகமாக வருகிறதோ அதற்குள் பாடட்டும், கேட்கட்டும், தாளம் போடட்டும். வீட்டில் யாரும் அவன் குரலைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வேண்டாம். (பெண்பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், மாற்றம் சிறியது என்பதால் யாரும் கவனிப்பதில்லை, குரலில் காற்று கலந்து வருகிறது என்று திட்டு மட்டும் வாங்குவார்கள்.)

கே: ஏன் டீச்சர் எப்போது பார்த்தாலும் சரளி வரிசை? போரடிக்கிறது. (ஆறாம் வகுப்பு மாணவி)

ப: போரடிக்கிறது என்று நேராகக் கேட்டதற்கு நன்றி கண்ணு. ச ரி க ம ப த நி என்று சுரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் இந்தத் தொடக்கப் பயிற்சியைப் புரந்தரதாசர் வகுத்தார் என்று சொல்லி வருகிறார்கள். மாயாமாளவகௌளை ராகத்தில், அதாவது 15-வது மேளகர்த்தாவில் (தாய் ராகத்தில்), தொடங்குவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், பாடிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ச-வுக்கும் ரி-க்கும் நடுவே சின்ன இடைவெளி, ரி-க்கும் க-வுக்கும் பெரிய தாவல், க-வும் ம-வும் மறுபடி நெருக்கம். இப்போது ப த நி ச பாடு. அதே சின்னது, பெரியது, சின்னது! கீழ்ப்பாதியைக் கற்றுக்கொண்டால் மேல்பாதி ஏற்கெனவே உன் கையில்.

ஆனால் உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் வகுப்பில் முதலில் பாட்டு, பிறகுதான் வரிசை. ஹங்கேரியில் சோல்டன் கோடாய் (1882-1967) என்ற இசையமைப்பாளர், குழந்தைகளுக்கு அவர்கள் தாய்மொழி நாட்டுப்பாடல்களிலிருந்தே இசையைத் தொடங்க வேண்டும் என்றார். பேசக் கற்ற பிறகுதானே எழுத்துக் கற்கிறோம்? உனக்குப் பிடித்த ஒரு பாட்டின் முதல் வரிக்குச் சுரம் கண்டுபிடித்துக்கொண்டு உன் டீச்சரிடம் போய்க் காட்டு, அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று பார்.

கே: இசை ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பது பேர், வாரத்துக்கு ஒரே பீரியட், அதையும் பரீட்சை வந்தால் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. என்ன செய்ய?

ப: பீரியடை விட்டுக்கொடுக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டை போட வேண்டாம், “அடுத்த வாரம் எனக்கு இரண்டாகத் திருப்பித் தாருங்கள்” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

வாத்தியம் இல்லாவிட்டால் உடம்பு இருக்கிறது. ஜெனீவாவில் இசை கற்பித்த டால்குரோஸ், தன் மாணவர்கள் வாசிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தும் லயம் உடம்பில் இறங்கவில்லை என்று பார்த்துத்தான் அவர்களை எழுப்பி நடக்க வைத்தார். நீங்களும் நடக்க விடுங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் காலால் நடந்துவிட்டு, ஏழாவதில் மட்டும் காலைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். நாற்பது பேரும் ஒரே நொடியில் நின்றுவிட்டு எட்டில் கால் வைக்கும்போது வகுப்பே மாறிவிடும். அப்புறம், ச-விலிருந்து ப வரை மனசுக்குள் பாடி, ப-வை மட்டும் வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு சுரத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் தொண்டை பத்திரம். நாற்பது பேர் சத்தத்துக்கு மேலே கத்தாதீர்கள், கை தட்டுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கே: நீங்கள் மேடைப் பாடகியாக ஆகியிருக்கலாமே, ஏன் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டீர்கள்?

ப: மேடையில் பாடிக்கொண்டிருந்தவள்தான். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது வருடம் குரல் கட்டியது, கட்டிக்கொண்டே இருந்தது, குரல்நாணில் சின்ன முடிச்சு என்றார் டாக்டர். சில வாரங்கள் பேசவே கூடாது. லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையாலேயே வகுப்பு எடுத்தேன்: வயிற்றுக்கு நேரே கை வைத்தால் ச, நெற்றிக்கு வந்தால் மேல் ச, நடுவில் மற்றவை. இதுமாதிரிக் கைக்குறிகளை 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பினார் என்று அப்புறம்தான் படித்தேன்.

அந்த வாரங்களில்தான் என் பிள்ளைகள் பாடுவதை முதல் தடவையாகக் கேட்டேன். அதுவரை நானும் கூடவே பாடிக்கொண்டிருந்தேன், என் குரல்தான் எனக்குக் கேட்டது. கடைசி வரிசையில் ஒரு பையன், இரண்டு வருடமாக என் வகுப்பில் இருந்தவன், எல்லாரையும்விடச் சுத்தமாக ப-வில் நின்றான். எனக்குத் தெரியவே தெரியாது. அன்று அவனைப் பாராட்டக்கூடக் குரல் இல்லை, போர்டில் அவன் பெயரை எழுதி வட்டம் போட்டேன்.

குரல் திரும்பி வந்தது, மேடைக்கு நான் திரும்பவில்லை. இப்போதும் வாரத்தில் ஒரு வகுப்பைப் பேசாமல், பாடாமல் கையால்தான் எடுக்கிறேன்.