உடம்பெல்லாம் வலி: ஆண்களுக்கு ஃபைப்ரோமயால்ஜியா வருமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. ஒரு வருடத்துக்கு மேலாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்க வலி. காலையில் எழும்போதே அடித்துப் போட்டது போல் இருக்கிறது என்கிறார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். இன்னொருவர், "அது பொம்பளைங்களுக்கு வர்றது" என்று சொல்லிவிட்டார். யாரை நம்புவது?

பதில்: ஆண்களுக்கும் வரும். முதல் டாக்டர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள்.

'பெண்கள் நோய்' என்ற பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் பழைய பரிசோதனை முறைதான். 1990-ல் அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரி (மூட்டுவாத மருத்துவர்களின் சங்கம்) வகுத்த விதிப்படி, உடம்பில் 18 இடங்களைக் கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, அதாவது சுமார் 4 கிலோ அழுத்தத்தில் அமுக்கிப் பார்ப்போம். 11 இடத்திலாவது வலித்தால்தான் ஃபைப்ரோமயால்ஜியா. சராசரியாகப் பெண்களுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வலி தெரியும். அதனால் அதே அளவு அவதிப்படும் ஆண், எட்டு ஒன்பது இடத்தோடு நின்று பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால்தானே கணக்கில் வரும்! நம் ஆண்கள் அதிலும் கஞ்சம்.

2010-ல் அமுக்கிப் பார்க்கும் முறையைக் கைவிட்டார்கள். எங்கெங்கே வலி, தூக்கம் எப்படி, அசதி, மறதி எவ்வளவு என்று கேட்டு மதிப்பெண் போடுவதே இப்போதைய வழி. இந்த முறையில் ஜெர்மனியில் பொதுமக்களிடம் எடுத்த ஒரு கணக்கில் பெண்களில் 2.4 சதவீதம், ஆண்களில் 1.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. கிளினிக் வாசலில் பெண்கள் அதிகம் தெரிவது வேறு விஷயம். ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு என்பதால், வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

எக்ஸ்ரே நார்மலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கோளாறு மூட்டில் அல்ல, மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுவதில் இருக்கிறது.

ஆனாலும் முத்திரை குத்தும் முன் சிலவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாரா? ஸ்டாட்டின் வகை தசை வலி தரும். தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு, வைட்டமின் டி பார்த்தாயிற்றா? தூக்கம் கெட்டாலும் உடம்பு வலிக்கும்; பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நிற்கிறதா? அதை உங்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்! காலையில் எழும்போது இருக்கும் இறுக்கம் நடமாடினால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் முதுகெலும்பு வாதமாகவும் (முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி) இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். இதிலே தலைகீழ் அநியாயமும் நடக்கிறது: இந்த முதுகெலும்பு வாதம் உள்ள பெண்களுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதிவிட்டு, வருடக்கணக்கில் தவறவிடுகிறோம்.

சிகிச்சை இருபாலருக்கும் ஒன்றுதான். உடற்பயிற்சிக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. முதல் வாரம் பத்து நிமிட நடை போதும். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் மறுநாள் படுக்கைதான். சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்காது. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், ப்ரீகாபலின் இவற்றில் ஒன்றை டாக்டர் எழுதலாம். அமிட்ரிப்டிலின் சிறுநீரை அடைக்கலாம் என்பதால், ஏற்கெனவே சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறதா என்பதை உங்கள் கணவர் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.