வழிகாட்டி மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டியோடு மலை ஓடைக்குள் இறங்கினோம். திடீரென்று வெள்ளம் வந்து ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. வழக்குப் போடணும் என்று பாதிப் பேர் குதிக்கிறார்கள், இயற்கையை யார் தடுக்க முடியும் என்று மீதிப் பேர். ஆபத்துக்கு நாங்களே பொறுப்பு என்று எல்லோரும் கையெழுத்து வேறு போட்டிருக்கிறோம். யார் சொல்வது சரி?

பதில்: கால் முறிந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருந்தாலும் வழிகாட்டி செய்தது தப்பாக இருந்திருக்கலாம். வெள்ளத்துக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பாருங்கள். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கியதா, சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்ததா, கால் வைத்த பாறை மெல்ல முழுகியதா? மேலே எங்கோ மழை கொட்டிவிட்டது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது என்பதெல்லாம் சாக்கு, இதைக் கவனிக்கத்தானே அவரை அழைத்துப் போனீர்கள்! பார்த்தும் நடத்திக் கூட்டிப்போனார் என்றால் அலட்சியம். அறிகுறியே இல்லாமல் வந்தது, வந்ததும் உங்களை மேட்டில் ஏற்றினார் என்றால் அவரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், அவரை அனுப்பியது யார்? 1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் அருகே சாக்ஸெட்டென் ஓடையில் இப்படித்தான், மேலே பெய்த இடிமழை வெள்ளமாக இறங்கி 21 பேரைக் கொண்டுபோனது. அதில் 3 பேர் வழிகாட்டிகள். 2001இல் வந்த தீர்ப்பில் அவர்களை அழைத்துப்போன நிறுவனத்தை நடத்தியவர்களுக்கும் மூத்த வழிகாட்டிகளுக்கும் தண்டனை, இளநிலை வழிகாட்டிகள் இருவர் விடுதலை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வானிலை பார்க்க வேண்டியது யார், பயணத்தை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்று கேட்காமல் கடைசியில் கயிற்றைப் பிடித்திருந்தவரைப் பிடித்துக்கொள்வது சுலபம்.

கையெழுத்து விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அலட்சியத்தால் நேர்ந்த காயத்துக்கோ சாவுக்கோ அப்படி எழுதி வாங்கித் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அது ஓரளவு செல்லும். உள்ளூர் வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லி, காசு கொடுத்திருக்கிறோமே என்று உங்களில் யாராவது அடம்பிடித்தீர்களா? அப்போதும் உறுதியாக மறுப்பது அவர் வேலைதான், ஆனால் வழக்கில் அது கட்டாயம் பேசப்படும். அதனால் இனி கூடிப் பேசுவதை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஆள் தனித்தனியாக, பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பேசப் பேச எல்லோருக்கும் ஒரே கதை ஞாபகம் வர ஆரம்பித்துவிடும்.