ஆயில் ரிக்கில் கடைநிலைத் தொழிலாளியாக வேலை செய்வது எப்படி இருக்கும்? உடல் பலம் நிறைய வேண்டுமா?

தரை ரிக்கில் ரவுஸ்டபவுட்டாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்து, பிறகு துளையிடும் மேடையில் பைப்பைக் கையாளும் ஃப்ளோர்மேனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பலம் வேண்டும்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. கிரேன் தூக்க வேண்டியதைத் தோளில் தூக்கிக் காட்டுபவனை அங்கே யாரும் மெச்ச மாட்டார்கள். கை எங்கே இருக்கிறது, கால் எங்கே நிற்கிறது என்று எந்நேரமும் தெரிந்திருப்பவன்தான் தாக்குப்பிடிப்பான்.

ஷிப்ட் 12 மணி நேரம். ரிக் இரவு பகல் ஓடும். சில வாரம் வேலை, சில வாரம் விடுப்பு என்று சுற்று வரும். ரவுஸ்டபவுட்டுக்குப் பெரும்பாலும் கழுவுவது, பெயின்ட் அடிப்பது, கிரேனில் தொங்கும் சுமைக்குக் கயிறு பிடிப்பது, மட் (துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் குழம்பு) கலக்கும் இடத்தில் மூட்டை பிரித்துக் கொட்டுவது. மட்டைக் கனமாக்கச் சேர்க்கும் பேரைட் மூட்டை பார்க்கச் சின்னதாக இருக்கும். தண்ணீரைவிட 4 மடங்குக்கு மேல் அடர்த்தியான பொடி, கை வைத்தால்தான் தெரியும். காஸ்டிக் சோடா கலப்பது வேறு கதை. தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

பெண்டு நிமிர்வது ட்ரிப் அடிக்கும்போது. பிட், அதாவது பாறையைக் குடையும் முனை, தேய்ந்துவிட்டால் குழிக்குள் இருக்கும் பைப் முழுவதையும் வெளியே எடுத்து, பிட்டை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். மூன்று பைப் சேர்ந்த ஒரு ஸ்டாண்ட் சுமார் 28 மீட்டர். 3,000 மீட்டர் ஆழம் என்றால் எடுக்க நூறு தடவைக்கு மேல், இறக்க இன்னொரு நூறு. துளையிடும் இயந்திரத்தை இயக்கும் டிரில்லர் பைப்பைத் தூக்கி நிறுத்துவார், நாங்கள் சேர்ந்து ஸ்லிப்ஸை (பைப் நழுவாமல் கவ்விப் பிடிக்கும் ஆப்புகள்) பைப்பைச் சுற்றி இறக்குவோம். பைப் நின்ற பிறகுதான் இறக்க வேண்டும், காலால் உதைத்துத் தள்ளவே கூடாது. அப்புறம் இணைப்புக்கு மேலும் கீழும் டாங்ஸ் என்ற பெரிய குறடுகளை மாட்டி மரையைத் தளர்த்துவோம். டாங் இழுபடும்போது அது சுழலும் வட்டத்துக்குள் நிற்காதே என்பதுதான் முதல் நாளே காதில் ஓதப்படும் பாடம். பிரிந்ததும் உள்ளே இருந்த மட் சட்டை, பூட்ஸ் எல்லாம் கொட்டும். பைப்பின் அடியை நாங்கள் ஒதுக்கி வைக்க, சுமார் 25 மீட்டர் உயரத்தில் பெல்ட் கட்டி நிற்கும் டெரிக்மேன் அதன் தலையை இழுத்துச் சொருகுவார். உடனே அடுத்தது. புது ரிக்குகளில் மரை தளர்த்துவதை மெஷினே செய்துவிடுகிறது. விரல்கள் மிஞ்சுவதற்கு அது பெரிய காரணம் என்பேன்.

அலுப்பில் கவனம் சிதறுகிற அந்த நேரத்தில்தான் கிணற்றையும் பார்க்க வேண்டும். பைப் வெளியே வந்த அளவுக்கு மட் உள்ளே ஊற்றப்பட வேண்டும். கிணறு அதைவிடக் குறைவாகக் குடித்தால், அடியிலிருந்து எண்ணெயோ வாயுவோ நுழைகிறது என்று பொருள். பம்ப் நின்ற பிறகும் மட் வழிந்தால் யார் பார்த்தாலும் கத்த வேண்டும். வேலையை நிறுத்தும் உரிமை கடைசி ஆளுக்கும் காகிதத்தில் உண்டு. நடைமுறையில் அது டிரில்லரின் குணத்தைப் பொறுத்தது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வரக்கூடிய இடம் என்றால் தாடியை மறந்துவிடுங்கள், மாஸ்க் முகத்தில் ஒட்டாது. அழுகிய முட்டை நாற்றம் வந்து சட்டென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வாக்கில் மூக்கே மரத்துவிடும். காற்றை விடக் கனமான வாயு என்பதால் பள்ளத்தில் தேங்கும். எனவே ரிக்குக்குள் நுழைந்ததும் காற்றுத்திசை காட்டும் துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். ஓடுவதென்றால் காற்று வரும் பக்கம், மேடான இடம்.

ரவுஸ்டபவுட், ஃப்ளோர்மேன், டெரிக்மேன், டிரில்லர் என்று படிகள் உண்டு. படிப்பைவிட வேலைதான் ஏற்றிவிடும். ஆனால் கச்சா விலை சரிந்தால் ரிக்கை ஓரங்கட்டி விடுவார்கள், 2020இல் நடந்த மாதிரி. அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது நம்மைப் போன்றவர்கள்தான். சில மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை கடனில் வண்டி வாங்காதீர்கள்.