வலசை கிளம்பும் நேரம்: வாசகர் கேள்வி பதில்

மாசி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பறவைகளைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் பக்கம் முழுக்க அவற்றுக்கே. கேட்டவர்கள் எல்லோரும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள்.

கேள்வி (வில்லியனூர் வாசகர்): பொங்கல் லீவில் ஊசுட்டேரிக்குப் போனபோது ஏரி முழுக்க வாத்து. போன ஞாயிறு போனால் கால்வாசிகூட இல்லை. தண்ணீர் நிறைய இருக்கிறது. யாராவது விரட்டிவிட்டார்களா?

பதில்: யாரும் விரட்டியிருக்க வேண்டியதில்லை, அவை கிளம்புகிற காலம் இது. வலசை என்றதும் நமக்கு வருகைதான் நினைவுக்கு வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் வந்த பறவை மாசி பங்குனியில் திரும்பியும் போக வேண்டும் என்பது மனதில் நிற்பதே இல்லை. ஊசிவால் வாத்து முதலில் கிளம்புகிறவற்றில் ஒன்று. நீலச்சிறகி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இங்கே தண்ணீரும் தீனியும் இருந்தாலும் இவை முட்டையிடும் இடம் சைபீரியா, மத்திய ஆசியா பக்கம், அங்கே கோடை சின்னது, பனி உருகி நீர்நிலைகள் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் குஞ்சு வளர்த்து முடிக்க முடியும். கிளம்பும் நாளைச் சொல்வது உடம்புக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரமும் பகலின் நீளமும்தான். நம் ஊரில் டிசம்பரைவிட மார்ச் கடைசியில் பகல் முக்கால் மணி நேரம் போலத்தான் கூடுதல், நமக்குத் தெரியவே தெரியாது, அதற்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், இந்த ஏரி புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பொது. புதுச்சேரி பக்கம் 2008-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மறுகரையையும் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று முடிவு செய்ய வேண்டும். இந்த ஞாயிறும் போங்கள். மிச்சம் இருக்கிற கூட்டத்தில் ஆண் நீலச்சிறகியைத் தேடுங்கள். இங்கே வந்து சேரும்போது ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மங்கிய பழுப்பில் இருந்தன. இப்போது ஆணின் தலை செம்பழுப்பாகி, விபூதியை ஒரு விரலால் இழுத்துவிட்டதுபோல் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு பிடரி வரைக்கும் வளைந்து இறங்கும். பொங்கலுக்குப் பார்த்ததைவிட இப்போதுதான் அது அழகு.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): உப்பனாற்றுச் சேற்றில் மேயும் சாம்பல் நிறக் குருவிகளை வருடா வருடம் பார்க்கிறேன். இப்போது சிலது செங்கல் நிறத்திலும் சிலது வயிறு கறுத்தும் இருக்கின்றன. புது இனமா?

பதில்: அதே பறவைகள்தான், ஊருக்குப் போவதற்காகச் சிறகு மாற்றிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது புரிந்தது சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனிக் காலையில். தேங்காய்த்திட்டு அலையாத்திப் பக்கம் ஆறரை மணிக்கு நீர் வற்றியிருந்தது, கரையில் உட்கார்ந்தேன். பத்தடி தூரத்தில் ஒரு பொன்னிற உப்புக்கொத்தி, முதுகெல்லாம் மஞ்சள் புள்ளி, வயிற்றில் மட்டும் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டுகள், நடுவே இன்னும் விழாத பழைய வெள்ளை இறகுகள். நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைச் சாய்க்கும், ஒரு கொத்து, மறுபடி நாலு எட்டு. அதன் பின்னாலேயே மூக்கு நுனி கீழே வளைந்த உள்ளான்கள் ஏழெட்டு, நாற்று நடுகிறவர்கள் கை மாதிரி நிற்காமல் சேற்றில் மூக்கை விட்டு எடுத்துக்கொண்டே போயின, அதில் மூன்று மார்பு வரைக்கும் செங்கல் நிறம். இரண்டு இனமும் முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத சமவெளியில்.

அடையாளம் காண நிறத்தை நம்பாதீர்கள், இந்த இரண்டு மாதமும் அது ஏமாற்றும். நடையைப் பாருங்கள். ஓடி நின்று கொத்தினால் உப்புக்கொத்தி வகை, தலை நிமிராமல் சேற்றைத் துழாவினால் உள்ளான் வகை. மூக்கு நீளம், கால் நிறம் அடுத்தது. கால் நல்ல சிவப்பாக இருந்தால் பவளக்காலியாக இருக்கலாம். நீர் வற்றத் தொடங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் பக்கத்திலேயே கிடைக்கும்.

கேள்வி (மஞ்சக்குப்பம் வாசகி): காலையில் வாசல் திறந்தால், ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் ஒரு குருவி, வால் இல்லாததுபோல் குட்டையாக, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் ஊற்றினோம், மத்தியானம் செத்துவிட்டது. மனசே சரியில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்வது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் வந்த பெயர். மழைக்காலத்தில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டி, குளிருக்கு நம் பக்கம் வந்து, மாமரத்தடியில் சருகைப் புரட்டித் தின்றுகொண்டு இருந்துவிட்டு, சித்திரை வாக்கில் திரும்பும். பயணம் செய்வது இரவில். விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறிக் கண்ணாடியில் மோதிவிடுகிறது. அடி பலமாக இருந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது, அதனால் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, உள்ளே பழைய துணி விரித்து, பறவையை வைத்து மூடி, பூனை, குழந்தைகள் கை படாத இருட்டான மூலையில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். திறந்து திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே தத்தும் சத்தம் கேட்டதும் செடி அடர்ந்த நிழலில் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைத்தால் தானே போய்விடும். இறக்கை தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். பங்குனி, சித்திரை இரவுகளில் மாடி விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலே பாதி விபத்து குறையும்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி வாசகர்): கம்பு வயலில் சோளக்குருவி கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. தகரம் தட்டி விரட்டுவது பாவமா?

பதில்: உங்கள் விளைச்சல், தாராளமாகத் தட்டுங்கள். வலை, விஷம், வெடி மட்டும் வேண்டாம், அது சட்டப்படியும் குற்றம். இன்னும் கொஞ்ச நாள்தான், ஏப்ரலில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும். இந்த ரோஜா நிறக் குருவி மத்திய ஆசியாவிலிருந்து வருவது, அங்கே அதற்கு முக்கியத் தீனி வெட்டுக்கிளி. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் இது வந்து கூடு கட்ட வேண்டும் என்பதற்காகவே கல் அடுக்கி இடம் செய்து கொடுக்கிறார்கள். வயல் ஓரத்தில் இலவ மரமோ கல்யாண முருங்கையோ இருந்தால் வெட்டாதீர்கள், இப்போது பூத்திருக்கும், கூட்டம் தேன் குடிக்க அங்கே போய்விடும்.

கேள்வி (தேவனாம்பட்டினம் வாசகர்): கரையில் செத்துக் கிடந்த ஆலாவின் காலில் எழுத்து பொறித்த உலோக வளையம். என்ன செய்வது?

பதில்: எழுத்தையும் எண்ணையும் தெளிவாகப் படம் எடுங்கள், இடம், தேதி குறியுங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வளையம் போடுவது மும்பையில் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், கோடியக்கரையில் பல வருடங்களாகப் போடுகிறார்கள். வளையத்தில் வேறு முகவரி இருந்தாலும் கழகத்துக்கே எழுதலாம். உயிரோடு இருக்கும் பறவை என்றால் வளையத்தைக் கழற்றவே கூடாது.

கேள்வி (முத்தியால்பேட்டை வாசகர்): கழுவேலியில் பூநாரைக் கூட்டம் பறப்பதை வீடியோ எடுக்க எது நல்ல நேரம்?

பதில்: அவை தாமாகப் பறக்கும் நேரம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருடம் அங்கே நாலு பேர் சேற்றில் இறங்கிக் கை தட்டிக்கொண்டே ஓடினார்கள், கூட்டம் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி, ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை. பூநாரையாவது பெரிய பறவை, அதோடு சேர்ந்து எழும்பிய மூக்கன்களும் (நீள மூக்குக் கரைப்பறவைகள்) உள்ளான்களும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவற்றுக்கு இந்த மாதத் தீனி வழிச்செலவு. 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது செயற்கைக்கோள் கருவியில் பதிவானது. அந்த மாதிரிப் பயணத்துக்குக் கிளம்பும்போது அதன் உடம்பில் ஏறக்குறைய பாதி வெறும் கொழுப்பு. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அதில்தான் நாம் கை வைக்கிறோம். 2021-ல் கழுவேலி சரணாலயமானது இவை நிம்மதியாக மேயட்டும் என்றுதான். கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், டிரோன் வேண்டாம், அசையாமல் அரை மணி இருந்தால் அவையே பக்கத்தில் மேய்ந்து வரும்.

கேள்வி (பாகூர் வாசகி): என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். பாகூர் ஏரிக்குப் போய் வந்து நோட்டில் பறவைப் பெயர் எழுதுகிறாள். எப்படி எழுதச் சொல்வது?

பதில்: இந்த மாதக் கடிதங்களிலேயே என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது இதுதான். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, இது நாலும் போதும். பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்லிக் கொடுங்கள். முதல் தகைவிலான் குருவி எப்போது வந்தது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், கடைசித் தகைவிலான் எப்போது போனது என்று எழுத ஆள் குறைவு, ஏனென்றால் பார்க்கும்போது அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரே வழி, காணாத நாளையும் எழுதுவது. உங்கள் தெரு கரண்ட் கம்பியைத் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்து, "தகைவிலான் 14", "தகைவிலான் 3", "இன்று இல்லை", "இன்றும் இல்லை" என்று சித்திரை முடியும் வரைக்கும் எழுதட்டும். பெரியவர் ஒருவர் உதவினால் பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்திலும் ஏற்றலாம், பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்வதும் அதே தளத்தில்தான். வைகாசியில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், கடைசி எண் எந்தத் தேதிக்கு நேராக இருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.