பிள்ளைகள் ஓட ஓட ஓவியம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆண்டு விழாவில் பிள்ளைகளின் அசைவை வைத்தே திரையில் ஓவியம் உருவாகிற மாதிரி செய்ய ஆசை. லேப்டாப், வெப்கேம், புரொஜெக்டர் இருக்கின்றன. புரோகிராமிங் அரிச்சுவடி தெரியும். எங்கே தொடங்குவது? – ஓர் ஓவிய ஆசிரியை

பதில்: இப்போதைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒவ்வொருவரும் மனதுக்குள் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளட்டும், வெளியே சொல்லக் கூடாது. ஒருவர் புலி, மற்றவர் நண்பர். விதி இதுதான்: உனக்கும் புலிக்கும் நடுவில் நண்பர் இருக்கும்படி நகர்ந்துகொண்டே இரு. கூட்டம் நிற்காமல் சிதறி ஓடும். அப்புறம் விதியைத் திருப்புங்கள்: புலிக்கும் நண்பருக்கும் நடுவில் நீ போய் நில். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் ஒரே முடிச்சாக நெருங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு வண்ணத் தொப்பி மாட்டி, மாடியிலிருந்து வீடியோ எடுத்தால் அதுவே பாதி ஓவியம்.

1980களில் கணினி வரைகலை நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினியில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டதும் இப்படித்தான். இடித்துக்கொள்ளாதே, பக்கத்தில் இருப்பவர் போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. மூன்றே விதி, தலைமைப் பறவை கிடையாது.

சரி, இனி லேப்டாப். படம் வரைவதற்கென்றே உள்ள, பிரவுசரிலேயே ஓடும் பி5.ஜேஎஸ் (p5.js) என்ற நிரல் தொகுப்பு போதும், இலவசம். கேமராவின் இந்த நொடிப் படத்தையும் முந்தைய படத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். அது 30 அளவுக்காவது மாறிய இடத்தை அசைவு என்று எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு வட்டம் போடுங்கள். 640க்கு 480 படத்தில் 3,07,200 புள்ளிகள். பழைய லேப்டாப் திணறும். 160க்கு 120 ஆகச் சுருக்கினால் 19,200தான்.

தடுக்கி விழும் இடமெல்லாம் அரங்கில்தான் இருக்கிறது. ஒரு முறை என் திரையில், ஆளே இல்லாத மூலையில் விடாமல் பூ பூத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் சீலிங் ஃபேன்! வெள்ளைச் சீருடைக் கூட்டம் ஒன்றாக உள்ளே வந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். உடனே மொத்தப் படமும் 'அசைந்ததாக' ஆகிவிடும். பாதிப் புள்ளிகளுக்கு மேல் மாறிய படத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டர் திரை கேமராவின் கண்ணில் படவே கூடாது. பட்டால் ஓவியம் தன்னையே பார்த்துத் தானே வரையத் தொடங்கும். (அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அதில் வேலை இல்லை.)

இன்னொன்று, பழைய கோடுகள் மங்கி மறைய ஒவ்வொரு படத்தின் மேலும் மெல்லிய கறுப்பு பூசுவார்கள். எத்தனை முறை பூசினாலும் சாம்பல் கறை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் நிரலில் பிழை என்று இரவெல்லாம் தேடாதீர்கள், நிறத்தை முழு எண்ணாகச் சுருக்குவதால் வருவது அது. நிமிடத்துக்கொரு முறை திரையை முழுசாகத் துடைத்துவிடுங்கள். விழா மாலையில் என்றால் ஒத்திகையும் அதே அரங்கில், அதே மாலை வெளிச்சத்தில் நடக்கட்டும்.